பள்ளிச் சுவரில் ஒட்டிய வினைல் கழன்று வருகிறது: எந்த மீடியா வாங்கலாம்?

திருப்பூர் டிஜிட்டல்:

வணக்கம். மழலையர் பள்ளி ஒன்றுக்குச் சுவர்ப் படங்கள் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறோம். ஈக்கோ சால்வென்ட் (கரைப்பான் கலந்த இங்க்) மெஷின், 5 அடி அகலம். மீடியா, அதாவது பிரிண்ட் எடுக்கும் ஷீட், 100 மைக்ரான் வெள்ளை கிளாஸ் (பளபளப்பு) வினைல், பர்மனென்ட் கம், மேலே பாதுகாப்புக்குக் கிளாஸ் லேமினேஷன். பேனல்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத்தான் ஒட்டினோம், மேலே ஏற்றவில்லை. ஒரு வாரத்துக்குள் மூன்று சுவரிலும் மூன்று விதமான சிக்கல்.

ஹால் சுவர் 22 அடி நீளம், 9 அடி உயரம். கழுவக்கூடிய உயர்ரக எமல்ஷன், அடித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. ஜாயிண்ட் எல்லாம் 1, 2 மி.மீ. விலகி நடுவில் சுவர் தெரிகிறது. மேல் மூலைகள் மடங்கித் தொங்குகின்றன. வகுப்பறையில் பழைய டிஸ்டெம்பர். அங்கே ஒரு பேனல் முழுசாகக் கீழே விழுந்துவிட்டது. வராந்தாவில் பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் படம் முழுக்கக் கொப்புளம். அந்தச் சுவருக்குப் பின்னால் கழிப்பறை.

ஒரு கடையில் 80 மைக்ரான் பாலிமெரிக் வாங்கச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் காஸ்ட், வேறொருவர் ஃபேப்ரிக். பள்ளிக்காரர்கள் இரண்டு வருஷம் கழித்துப் படத்தை மாற்றுவார்களாம், அப்போது பெயிண்ட் உரியக் கூடாது என்கிறார்கள். எதை வாங்குவது?

சேலம் இன்ஸ்டாலர்:

மீடியாவை அப்புறம் பார்க்கலாம். கழன்று வந்த பீஸைத் திருப்பிப் பசைப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். சுத்தமாகப் பளபளவென்று இருக்கிறதா, வெள்ளைப் பவுடர் ஒட்டியிருக்கிறதா, பெயிண்ட் தோலாக உரிந்து வந்திருக்கிறதா? பிரிண்ட் எடுத்து எத்தனை மணி நேரத்தில் லேமினேஷன் போட்டீர்கள்? ஹால் சுவரில் படம் இல்லாத இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் பரவுகிறதா, முத்து முத்தாக நிற்கிறதா?

திருப்பூர் டிஜிட்டல்:

ஹாலில் பசை சுத்தமாக இருக்கிறது, பெயிண்ட் துளிகூட வரவில்லை. வகுப்பறைப் பீஸில் பசை முழுக்க வெள்ளைப் பவுடர், கையில் தொட்டால் பிசுபிசுப்பே இல்லை. லேமினேஷன் அன்றைக்கே போட்டுவிட்டோம், பிரிண்ட் முடிந்து 2 மணி நேரம் இருக்கும். ஹாலில் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கிறது.

சேலம் இன்ஸ்டாலர்:

அப்போ மூன்றும் தனித்தனி நோய். ஒரே மீடியா வாங்கி மூன்றையும் சரி செய்ய முடியாது.

ஹாலில் பசை சுத்தமாக வந்திருக்கிறது என்றால் அது சுவரைப் பிடிக்கவே இல்லை. கறை பிடிக்காத, கழுவக்கூடிய பெயிண்டில் கறை ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் சரக்கு நம் பசையையும் ஒட்ட விடாது. தண்ணீர் முத்தாக நின்றாலே அந்தச் சுவரில் சாதாரணக் கம் நிற்காது என்று வைத்துக்கொள்ளலாம். இதில் பெயிண்ட் வேறு இன்னும் முழுசாகக் காயவில்லை. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே ஈரமும் ரசாயனமும் வெளியேறிக்கொண்டே இருக்கும். எமல்ஷன் அடித்து 3, 4 வாரமாவது விடாமல் மேலே வினைல் (பிவிசி) ஒட்டினால், வெளியே போக வழியில்லாமல் அது பசையைத்தான் கெடுக்கும்.

டிஸ்டெம்பர் சுவரில் உங்கள் பசை வேலை செய்தது. அது பவுடரைப் பிடித்தது, பவுடர் சுவரைப் பிடிக்கவில்லை.

கோவை மீடியா:

ஜாயிண்ட் விலகினதுக்குப் பெயிண்ட் மட்டும் காரணமில்லைங்க. வினைல் சுருங்கியிருக்குது.

அந்த விலைக்குக் கிடைக்கிற 100 மைக்ரான் கிளாஸ் எல்லாம் பெரும்பாலும் மோனோமெரிக். பிவிசியை மெதுவாக்கச் சேர்க்கிற பிளாஸ்டிசைசர் அதுல சின்ன மூலக்கூறு, சீக்கிரம் இடம் பெயர்ந்து வெளியே வந்துரும். அதனால ஃபிலிம் சுருங்கும், விறைக்கும். பாலிமெரிக்கில் மூலக்கூறு பெருசு, சுருக்கம் ரொம்பக் குறைவு. காஸ்ட் வினைலை உருளையில நசுக்கி இழுக்காம, திரவமா ஊத்திக் காய வைச்சுச் செய்றாங்க. அதுல இழுவிசையே தங்காது, அதனால சுருக்கம் இல்லைன்னே சொல்லலாம்.

மைக்ரான் கூடினா தரம் கூடும்னு ஒரு நினைப்பு நம்ம ஊர்ல இருக்குது. அது ஃப்ளெக்ஸ் கணக்கு, வினைலுக்குப் பொருந்தாது. காஸ்ட் சுமார் 50 மைக்ரான், பாலிமெரிக் 70, 80, மோனோமெரிக் 80லிருந்து 100. தடிமன் கூடக் கூட ஃபிலிம் விறைப்பாகி ஓரத்தைத் தூக்குற பலம் அதிகமாகும். அதுக்கு மேல லேமினேஷன் தடிமனும் சேருது.

ரெண்டு மணி நேரத்துல லேமினேஷன் போட்டது இன்னொரு காரணம். ஈக்கோ சால்வென்ட்ன்னாலும் இங்க்ல இருக்கிற கரைப்பான் கீழே பசை வரைக்கும் இறங்கும். மேல மூடிட்டா அது பசையை இளக்கி ஓரத்தைச் சுருட்டும். குறைஞ்சது 24 மணி நேரம், அடர்த்தியான நீலம், கறுப்புன்னா 48 மணி நேரம் விடுங்க. ரோலை இறுக்கிச் சுத்தி வைச்சா காத்து போகாது. தளர்வாச் சுத்தி, செங்குத்தா நிக்க வைங்க. அவசர வேலைன்னா லேடெக்ஸ் இல்லை யுவி பிரிண்ட் போற கடையில கொடுத்து எடுத்துக்கலாம், இந்தக் காத்திருப்பு அதுக்குத் தேவையில்லை.

லேமினேஷனும் ஃபிலிமும் ஒரே வகையா இருக்கணும். பாலிமெரிக் மேல பாலிமெரிக், காஸ்ட் மேல காஸ்ட். லேமினேட்டர்ல ஃபிலிமை இழுத்துப் பிடிச்சு ஓட்டினா, ஒட்டினப்புறம் அது பழைய நீளத்துக்குத் திரும்பும்போது ஓரம் முன்பக்கமாச் சுருளும். ஒரு அடித் துண்டை வெட்டித் தரையில போட்டுப் பாருங்க, தானாச் சுருண்டா அந்த ரோலை அனுப்பாதீங்க. சுவருக்கு மேட் லேமினேஷனே எடுங்க. கிளாஸ் போட்டா டியூப்லைட் வெளிச்சத்துல பட்டி பார்த்த மேடு பள்ளமெல்லாம் தெரியும்.

மதுரை பெயிண்டிங்:

டிஸ்டெம்பர் சுவருக்கு எந்தக் கம்பெனி ஸ்டிக்கரும் நிக்காது தம்பி. சிலர் ஃபெவிகாலைத் தண்ணியில கலக்கிப் பூசிட்டு மேல ஒட்டுறாங்க. முதல் மழைக்காலத்துலயே அது இளகும், கழட்டும்போது பட்டியையும் சேர்த்து எடுத்துட்டு வரும். டிஸ்டெம்பர் மேலயே பிரைமர் அடிக்கிறதும் வீண், பிரைமரும் அந்தப் பவுடர் மேலதானே உக்காந்திருக்கும்.

நனைச்சு, சுரண்டி, கழுவி எடுத்து நல்லா காய விடணும். அப்புறம் பட்டி, உப்புத்தாள், அக்ரிலிக் பிரைமர், அதுக்கு மேல சாதாரண அக்ரிலிக் எமல்ஷன் ரெண்டு கை. லேசான மினுக்கம் இருக்கிற சாட்டின் ஃபினிஷ் கேளுங்க. மினுக்கமே இல்லாத மேட் பெயிண்ட் மாவா உதிரலாம். கறை பிடிக்காத ரகம் வேண்டவே வேண்டாம். அடிச்சு ஒரு மாசம் காய விட்டு ஒட்டுங்க.

பள்ளிக்கூடத்துல அவ்வளவு நாள் தர மாட்டாங்கன்னா, 5 மி.மீ. சன்போர்டுல (லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) வினைலை ஒட்டி, போர்டைச் சுவர்ல ஸ்க்ரூ போட்டு மாட்டுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு நாலு ஓட்டையை அடைச்சாப் போதும். சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடம், மூலையை வட்டமா வெட்டி ஸ்க்ரூ தலைக்கு மூடி போட்டுருங்க.

வராந்தாவுல கொப்புளத்துக்குக் காரணம் ஓதம். சந்தேகம்னா படம் இல்லாத இடத்துல 2 அடிக்கு 2 அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள், ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டோட உள்பக்கம் வேர்த்திருந்தா ஈரம் சுவர்லேருந்து வருது. கழிப்பறைக் குழாய்க் கசிவையும் டைல்ஸ் இடுக்கையும் அடைக்காம அங்க எதையும் ஒட்டாதீங்க. வெள்ளை உப்பு பூத்திருந்தா சுவரே தயாரில்லைன்னு அர்த்தம்.

நெல்லை கிராஃபிக்ஸ்:

ஃபேப்ரிக் பற்றி யாரும் சொல்லவில்லையே. பாலியெஸ்டர் நெசவில் வரும் ஒட்டும் மீடியா சுருங்காது, காற்று போகும், கழற்றித் திரும்ப ஒட்டலாம். பெயிண்டையும் உரிக்காது. லேமினேஷனும் வேண்டாம். இரண்டு வருஷத்தில் மாற்றப் போகிறார்கள் என்றால் அதுதானே பொருத்தம்? வாங்கும்போது ஈக்கோ சால்வென்ட்டுக்கான கோட்டிங் என்று கேட்டு வாங்க வேண்டும், தண்ணீர் இங்க்குக்கான ரகமும் கடையில் இருக்கும்.

சேலம் இன்ஸ்டாலர்:

நல்ல சரக்குதான், இந்தப் பள்ளிக்கு முழுக்க ஒத்து வராது. ஃபேப்ரிக்கின் பசை மென்மையான பசை. அதனால்தான் கழற்ற முடிகிறது, அதனாலேயே தண்ணீர் முத்தாக நிற்கிற ஹால் சுவரில் அது நிற்காது. சொரசொரப்பான சுவரிலும் நிற்காது. லேமினேஷன் இல்லாததால் கிரேயான், எண்ணெய்க் கை எல்லாம் நெசவுக்குள் இறங்கும். 4 அடிக்குக் கீழே குழந்தைகள் ஓரத்தை நகத்தால் நோண்டுவார்கள். படத்தை 4 அடிக்கு மேல் வைக்கும்படி டிசைன் மாற்ற முடிந்தால் ஃபேப்ரிக் போடுங்கள், சுவரும் சாதாரண எமல்ஷனாக இருந்தால் மட்டும்.

நெல்லை கிராஃபிக்ஸ்:

கீழ்ப் பகுதி விஷயம் சரிதான். ஆனால் ஹாலுக்கு ஹை டேக் (பலமாக ஒட்டும் பசை) வினைல் போடச் சொல்வீர்களானால், இரண்டு வருஷம் கழித்து அது பெயிண்டோடுதான் வரும். அதையும் சொல்லிவிடுங்கள்.

கோவை மீடியா:

ரெண்டு பேர் சொல்றதும் சரி. ஹாலுக்கு ரெண்டு வழி இருக்குதுங்க. பெயிண்டை மாத்தாம ஹை டேக் கம் போட்ட பாலிமெரிக் ஒட்டலாம், ஆனா கழட்டும்போது சுவரைத் திரும்ப அடிக்கணும்னு முன்னாடியே எழுதிக் கொடுத்துருங்க. இல்லைன்னா 220 நம்பர் உப்புத்தாளால மேலாகத் தேய்ச்சு, தூசி துடைச்சு, சாதாரண அக்ரிலிக் எமல்ஷன் ரெண்டு கை அடிச்சு, காய விட்டு, ரிமூவபிள் கம் போட்ட பாலிமெரிக்கும் மேட் லேமினேஷனும் போடுங்க. அவங்க கேட்கிறதுக்கு ரெண்டாவதுதான் ஒத்து வரும். பழைய படமோ அடர் நிறமோ அடியில இருந்தா சாம்பல் நிறப் பின்பக்கம் கேட்டு வாங்குங்க, இல்லைன்னா வெள்ளை இடத்துல நிழல் தெரியும்.

காஸ்ட் இந்தச் சமச் சுவருக்குத் தேவையில்லை, காசு வீண். செங்கல், சொரசொரப்பான பூச்சு மாதிரி சுவருக்குத்தான் அது. அங்கயும் சொரசொரப்புச் சுவருக்குன்னே வர்ற காஸ்ட்டை எடுத்து, ஹீட் கன்னும் ஸ்பாஞ்ச் ரோலரும் வைச்சுச் சூடாக்கிப் பள்ளத்துக்குள்ள அழுத்தணும்.

எந்த ரோல் வாங்கினாலும் முதல்ல 1 அங்குல அகலம், 8 அங்குல நீளத்துல நாலு துண்டு வெட்டி, கதவுக்குப் பின்னாடி ஒரு இடம், மேல ஒரு இடம்னு ஒட்டுங்க. ஒரு நாள் விட்டு ஒண்ணை இழுங்க, ஒரு வாரம் கழிச்சு இன்னொண்ணை. தானா விழுந்தா கம் பத்தாது. பெயிண்டோட வந்தா பெயிண்ட் பத்தாது. இழுக்க இழுக்க ஒரே சீரான எதிர்ப்போட சுத்தமா வந்தா அந்த ரோலை வாங்கலாம்.

திருப்பூர் டிஜிட்டல்:

பள்ளியில் பேசினேன். ஹாலுக்குச் சாதாரண எமல்ஷன் அடித்து ஒரு மாதம் தருகிறார்கள், வகுப்பறைக்கு சன்போர்டு. வராந்தாவை விட்டுவிடுகிறோம். ஹாலுக்கு எத்தனை மீட்டர் வேண்டும்? ஒட்டும்போது கவனிக்க வேண்டியது?

சேலம் இன்ஸ்டாலர்:

1.27 மீட்டர் ரோல் எடுங்கள். 22 அடி என்பது 6.7 மீட்டர். 6 பேனலாகச் சமமாகப் பிரித்தால் ஒன்று 1.12 மீட்டர், அதோடு 12 மி.மீ. ஓவர்லேப். உயரம் 2.75 மீட்டர், மேலே 5, கீழே 5 செ.மீ. கூடுதல். ஆறுக்கும் சேர்த்து சுமார் 17 மீட்டர். ஒரு பேனல் வீணானால் அதே ரோலில் திரும்ப எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறம் மாறும். அதனால் 20 மீட்டராக வாங்குங்கள். ஜாயிண்ட் முகத்திலோ எழுத்திலோ விழாதபடி டிசைனை நகர்த்துங்கள்.

சுவரைத் தூசி தட்டி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, முழுக்கக் காய விடுங்கள். ஸ்பிரிட் போட்டால் சில எமல்ஷன் இளகும், மூலையில் சோதித்துவிட்டுப் போடுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவம், சோப்பு வேண்டாம். சுவரில் தண்ணீர் தெளித்து ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது கண்ணாடிக்குத்தான் சரி. தூக்குக்குண்டு வைத்து முதல் பேனலுக்குக் கோடு போடுங்கள். சுவரின் மூலையை நம்பாதீர்கள், பாதி வீட்டில் அது நேராக இருக்காது. மேலே 10 செ.மீ. அளவுக்கு, பசையை மூடியிருக்கும் ரிலீஸ் பேப்பரை மடித்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணி வைத்த ஸ்க்வீஜியால் (தேய்க்கும் பட்டை) தள்ளிக்கொண்டே இறங்குங்கள். ஃபிலிமை இழுக்காதீர்கள், இழுத்தது திரும்பச் சுருங்கும்.

உள் மூலையில் வினைலை மடக்கிப் போகாமல் வெட்டி அடுத்த பீஸைத் தொடங்குங்கள். சீலிங்கிலும் ஸ்கர்டிங்கிலும் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள், அதன் மேல் ஏறினால் அங்கிருந்துதான் கழலும். ஸ்விட்ச் போர்டு இருந்தால் மெயினை நிறுத்தி பிளேட்டைக் கழற்றிவிட்டு ஒட்டுங்கள். ஓவர்லேப்பில் மேலிருக்கும் ஓரம் கதவைப் பார்த்து இருக்கக் கூடாது, வருகிற பிள்ளைகளின் கை நேராக அதில்தான் படும். முடிந்து ஒரு மணி நேரம் கழித்து எல்லா ஓரத்தையும் இன்னொரு முறை அழுத்துங்கள்.

இரண்டு வருஷம் கழித்துக் கழற்றும்போது ஹேர் டிரையரால் மூலையை வெதுவெதுப்பாக்கி, ஃபிலிமைத் தன் மேலேயே மடித்துச் சுவரை ஒட்டியபடி மெதுவாக இழுங்கள். நேராக வெளியே இழுத்தால் பெயிண்ட் வரும். பசை மிச்சமிருந்தால் அங்கங்கே மட்டும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும்.