ஊர்ப் பாடசாலை: 2024 கல்வியாண்டுச் செய்திகளும் மார்ச் 17 பரீட்சைக்கு முன் கணிதத்துக்காக ஒரு வேண்டுகோளும்

வெளிநாடுகளில் வாழும் அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

நேற்று முன்தினம், 2025 ஜனவரி 24 ஆம் திகதி, யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உள்ள நம் பாடசாலையில் 2024 ஆம் ஆண்டின் மூன்றாம் தவணை நிறைவடைந்தது. நாளை திங்கட்கிழமை புதிய கல்வியாண்டு தொடங்குகிறது. மார்கழியில் மூடித் தையில் திறக்கும் பாடசாலையில் படித்த நமக்கு இது பழக்கமில்லாத கணக்கு. கொரோனாக் காலமும் அதன்பின் வந்த பொருளாதார நெருக்கடியும் குலைத்துப்போட்ட நாட்காட்டி இன்னும் முழுமையாகச் சீராகவில்லை. ஆண்டு முடிவில் வரவேண்டிய இந்த மடல் பொங்கல் கழிந்து வருவதற்கும் அதுவே காரணம். மார்கழியில் ஊரில் நின்றபோது அதிபரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டறிந்தவற்றையும், தவணை முடிவில் அவர்கள் அனுப்பிய அறிக்கையையும் சேர்த்து எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயர்களை எழுதவில்லை. இந்தக் குழுவின் மடல்கள் எங்கெல்லாமோ பகிரப்படுகின்றன. வளரும் பிள்ளைகளின் பெயரும் புள்ளியும் அப்படி அலைய வேண்டியதில்லை.

முதலில் மகிழ்ச்சியான செய்தி. கடந்த மே 31 ஆம் திகதி வெளியான, பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளில் நம் வணிகப் பிரிவு மாணவி ஒருவர் மூன்று பாடங்களிலும் ஏ சித்தி பெற்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கத் தெரிவாகியிருக்கிறார். தந்தை கடற்றொழிலாளி. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போகும் முதற்பிள்ளை இவர். கணக்கீடு கற்பித்த ஆசிரியை தவணை விடுமுறைகளிலும் பாடசாலைக்கு வந்து, பழைய வினாத்தாள்களை ஒவ்வொன்றாகச் செய்வித்திருக்கிறார். அந்த ஆசிரியைக்கு நாம் எல்லோரும் தனித்தனியே நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொரு பிள்ளையைப் பற்றி இந்தக் குழுவிலேயே இரண்டு கருத்து இருந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குத் தெரிவான இளைஞன் உயர்தரம் படித்தது நெல்லியடியில். ஆகவே அவனை நம் பாடசாலையின் பெயரில் கொண்டாடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். என் பதில், தாராளமாகக் கொண்டாடலாம். நம் பாடசாலை 1சி வகையைச் சேர்ந்தது. உயர்தரத்தில் கலையும் வணிகமும் மட்டுமே இருக்கின்றன. விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பும் பிள்ளை பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் நெல்லியடிக்கோ பருத்தித்துறைக்கோ போயே ஆகவேண்டும். முதலாம் தரத்திலிருந்து பதினோராம் தரம்வரை அவனுக்குக் கணிதத்தில் அடித்தளம் போட்டது நம் வகுப்பறைதான்.

அவன் பெற்ற இடம் எவ்வளவு பெரியது என்பதையும் சொல்ல வேண்டும். பொறியியல் போன்ற பாடநெறிகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு உரியது. மாவட்ட ஒதுக்கீட்டிலும் வடமராட்சிக் கரையோரத்துப் பிள்ளை, யாழ் நகரத்தின் பெரிய கல்லூரிகளில் எல்லா வசதிகளோடும் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவே, ஒரே மாவட்ட வரிசையில் நின்று, உயர்தரப் புள்ளிகளை ஒப்பிடக் கணிக்கும் இசட் புள்ளியால் இடம்பிடிக்க வேண்டும். இவன் பிடித்திருக்கிறான். மகாபொல உதவித்தொகை கிடைத்தாலும் 2025 தொடக்கத்தில் அது மாதம் 5,000 ரூபாய்தான். பல்கலைக்கழகம் இருக்கும் கட்டுபெத்தைப் பக்கம் அறை எடுத்துச் சாப்பிட்டுப் படிக்க அது எந்த மூலைக்கும் காணாது. லண்டனில் இருக்கும் நண்பர்கள் நால்வர் சேர்ந்து மிகுதியைப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

இந்த முறை உயர்தரப் பரீட்சை எழுதியவர்களை நினைத்தால் இன்னும் மனம் பதறுகிறது. நவம்பர் 25 ஆம் திகதி பரீட்சை தொடங்கியது. மறுநாளே மழை ஊரை மூடியது. அதே 26 ஆம் திகதி அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில், மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்த செய்தி வந்தது. நம் பிள்ளைகளையும் உழவு இயந்திரத்தில் பரீட்சை நிலையத்துக்குக் கொண்டுபோகலாம் என்று ஆயத்தம் செய்திருந்த பெற்றோர் அந்தச் செய்தியைக் கேட்டு நடுங்கிப்போனார்கள். 27 ஆம் திகதி முதல் பரீட்சை நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4 ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட நாட்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிள்ளைகள் பாடசாலை மேல்மாடியில் தங்கிப் படித்தார்கள். இரண்டு பிள்ளைகளின் கொப்பிகளும் குறிப்புகளும் நனைந்து கூழாகிவிட்டன. மற்றப் பிள்ளைகள் தங்கள் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் அடுத்த பரீட்சைக்குத் தாங்களே படித்துக்கொண்டிருந்த நேரத்தில். வெள்ளம் வடிவதற்குள் வடமராட்சியில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களையும் பறித்தது. இத்தனைக்கும் நடுவே நம் பிள்ளைகளில் ஒருவர்கூடப் பரீட்சையைத் தவறவிடவில்லை. பெறுபேறு எப்படி வந்தாலும் இதை இந்த ஆண்டின் முதற்சாதனையாக நான் எழுதிவைப்பேன்.

விளையாட்டில் ஒரு புதிய செய்தி. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையைத் தன்வசமாக்கிய பிறகு, வடக்கின் பெண்பிள்ளைகள் பலருக்கு அந்தப் போட்டியில் ஆசை வந்திருக்கிறது. நம் பத்தாம் தரத்து மாணவி ஒருவர் இந்த ஆண்டு அதில் மாகாண மட்டம்வரை சென்றார். நம் மைதானத்தில் பாய்ந்து விழுவதற்குரிய மெத்தை கிடையாது. மணலைக் கிளறிப் போட்டு, அதன்மேல் பழைய பஞ்சு மெத்தைகளை அடுக்கிப் பயிற்சி நடக்கிறது. கையில் இருப்பது ஒரே கோல், அதுவும் வேறொரு பாடசாலையிடம் இரவல் பெற்றது. இந்தப் போட்டியில் கோலின் வளைவு பாய்பவரின் எடைக்குப் பொருந்த வேண்டும். பிள்ளை வளர வளரக் கோலும் மாற வேண்டும். துரையப்பா விளையாட்டரங்கில் முறையான மெத்தையை முதன்முதலாகப் பார்த்தபோது, விழப் பயமில்லாமல் பாயலாம் என்பதே தனக்குப் புதுமையாக இருந்தது என்று அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னார். விளையாட்டு ஆசிரியர் மெத்தைக்கும் இரண்டு கோல்களுக்கும் விலைப்பட்டியல் எடுத்து வருகிறார். வந்ததும் தனி மடலில் அனுப்புகிறேன். பயிற்சியில் ஒரு பிள்ளை கழுத்தில் அடிபட்டு விழுந்த பிறகு நாம் யோசிக்கக்கூடாது.

தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நாட்டார் பாடலும் நாவன்மையும் வலய மட்டத்தில் முதலிடம். வாணிவிழாவும் ஒளிவிழாவும் குறைவின்றி நடந்தன. நூலகக் கூரையின் ஒழுக்கு அடைபட்டுவிட்டது. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பிள்ளைகள் இப்போதே கொடி தைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொரு பழைய மாணவனையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல், ஊரில் சும்மா திரிகிறான் என்று எல்லோரும் சொன்ன பையன், கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை ஜெர்மன் பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படித்து முடித்துவிட்டான். இப்போது சம்பளத்துக்கு வேலை செய்கிறான். பரிசளிப்பு விழாவில் அவனையும் மேடைக்கு அழைக்க வேண்டும் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறேன். அவரும் சம்மதித்தார்.

அந்தப் பையனின் கதைதான் இந்த மடலின் முக்கியமான பகுதிக்கு என்னைக் கொண்டுவருகிறது. செப்டம்பர் இறுதியில் வெளியான சாதாரண தரப் பெறுபேறுகளில் நம் பாடசாலையின் பெரிய காயம் கணிதம். உயர்தரத்துக்குப் போக வேண்டுமானால் பொதுவாகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் மூன்றிலாவது சி தரம் வேண்டும். தமிழில் ஏ, வரலாற்றில் ஏ, சமயத்தில் ஏ எடுத்த பிள்ளைகள்கூடக் கணிதத்தில் சித்தியில்லாமல் வாசலில் நிற்கிறார்கள். 2017 இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தொழிற்பாடங்களைத் தருகிறது. ஆனால் அது எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை, நம்மிடமும் இல்லை. எஞ்சியவர்கள் ஆண்பிள்ளையானால் கடலுக்கோ வெளிநாட்டு முகவரிடமோ போகிறார்கள். பெண்பிள்ளையானால் வீட்டில் கலியாணப் பேச்சு எழுகிறது.

ஆசிரியர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இருக்கும் ஒரே கணித ஆசிரியர் ஆறாம் தரம் முதல் பதினோராம் தரம்வரை தனியாளாகப் பார்க்கிறார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தனியார் கல்வி நிலையத்துக்குப் போகிறது. வசதியில்லாத பிள்ளை எட்டாம் தரத்தில் பின்னமும் சதவீதமும் விளங்காமல் விட்டதைப் பதினோராம் தரம்வரை சுமந்து வருகிறது.

அடுத்த சாதாரண தரப் பரீட்சை மார்ச் 17 ஆம் திகதி தொடங்குகிறது. கையில் இருப்பது ஏழு வாரம். ஏழு வாரத்தில் திரிகோணகணிதம் முழுவதையும் புகட்ட முடியாது. ஆனால் முதல் வினாத்தாளின் 25 குறுவினாக்களில் பெரும்பகுதி அடிப்படைக் கணிதமே. அவற்றையும் சதவீதம், தொடைகள் (sets), புள்ளிவிபரம் போன்ற சில கட்டமைப்பு வினாக்களையும் உறுதியாகச் செய்யப் பழகினால் ஆகக் குறைந்த சித்தியான எஸ் சித்திக்கு வேண்டிய 35 புள்ளிகளைத் தொட்டுவிடலாம் என்று நம் கணித ஆசிரியர் திடமாகச் சொல்கிறார். எந்தப் பிள்ளை எதில் தடுமாறுகிறது என்ற பட்டியலையும் தந்திருக்கிறார்.

நுழைவாயில் வளைவு கட்டுவதற்கென்று கடந்த ஆண்டு சேர்த்த பணம் வங்கியில் இருக்கிறது. அந்த யோசனையை முன்வைத்த அண்ணாமார் பாடசாலைமேல் வைத்திருக்கும் பாசத்தை நான் அறிவேன். போர்க்காலத்தில் இடிந்த வாயிலை மீண்டும் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்ற அவர்களின் ஏக்கம் எனக்கும் உண்டு. ஆயினும் இந்த ஆண்டு அந்தப் பணத்தைக் கணிதத்துக்குக் கொடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். ஊரில் வேலையில்லாமல் இருக்கும் கணிதப் பட்டதாரிகள் இருவர் மாலை வகுப்பெடுக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு, பிள்ளைகளுக்கு மாலைச் சிற்றுண்டி, இருட்டியபின் பெண்பிள்ளைகளை வீட்டில் கொண்டுவிட ஓர் ஆட்டோ: செலவு இவ்வளவுதான். மார்ச்சுக்குப் பிறகு அதே வகுப்பை எட்டாம், ஒன்பதாம் தரங்களுக்குத் தொடரலாம். வளைவு அடுத்த ஆண்டும் கட்டலாம், இந்த ஆண்டுப் பதினோராம் தரத்துப் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று பெரும்பாலும் வருவதில்லை.

பணத்தோடு ஆட்களும் வேண்டும். உங்களில் பொறியியலாளர்கள், கணக்காளர்கள், அங்கேயே பள்ளிகளில் கற்பிப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். பாடசாலையின் கணினி அறையில் இணைய இணைப்பு வேலை செய்கிறது. சனிக்கிழமைகளில் சூம் வழியாக ஒரு மணி நேரம், மூன்று நான்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து பழைய வினாத்தாளைச் செய்விக்க ஆள் தேவை. ஊரில் மாலை 7 மணி என்றால் ரொறன்ரோவில் காலை 8.30, லண்டனில் பிற்பகல் 1.30, பாரிசிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் 2.30. சிட்னி, மெல்பேர்ண் உறவுகளுக்கு அது நள்ளிரவு தாண்டிவிடும் என்பதால், ஊர் நேரம் காலை 9 மணிக்கு ஒரு குழு வைக்கலாம். உங்களுக்கு அப்போது பிற்பகல் 2.30. தமிழ்க் கலைச்சொற்கள் மறந்துவிட்டன என்று யாரும் தயங்க வேண்டாம். பாடநூலின் மின்பிரதியை முன்கூட்டியே அனுப்பிவைக்கிறேன்.

வளைவுப் பணத்தை மாற்றிப் பயன்படுத்துவதில் யாருக்காவது மறுப்பு இருந்தால் புதன்கிழமைக்குள் இந்த மடலுக்கே பதிலாக வெளிப்படையாக எழுதுங்கள். வகுப்பெடுக்க வருபவர்கள் எந்த நேரம் வசதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வியாழக்கிழமை பட்டியலை அதிபருக்கு அனுப்பிவிடுவேன். முதல் வகுப்பு பெப்ரவரி 1, சனிக்கிழமை.

அன்புடன்,
சங்கத்தின் கல்விப் பொறுப்பாளர்,
ஒஸ்லோ