மலைக்குப் புகைமூட்டம் ஏறாதாம்! யார் சொன்னது?

மூவார் மணி:
உட்லண்ட்ஸ் தங்கச்சி ஒருவர் நேற்று இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தார். செப்டம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலேசியாவின் கேமரன் மலைக்குப் போக அறை எடுத்துவிட்டார்கள். ஏழு வயது மகனுக்கு ஆஸ்துமா. சுமத்ராவில் தீ எரிகிறது என்று செய்தி வருகிறது. போகலாமா, வேண்டாமா? அதற்குக் கிளமெந்தி கார்த்திக் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்: "தாராளமாகப் போங்க, மலைக்குப் புகை ஏறாது." அதற்கு நாற்பது பேர் விருப்பக்குறி வேறு போட்டிருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால் தனியாகவே எழுதுகிறேன்.

நான் ஜொகூர் கடலோரத்து மூவாரில் பிறந்து வளர்ந்தவன். 2013 ஜூன் 23 காலை எங்கள் ஊரில் ஏபிஐ, அதாவது மலேசியக் காற்று மாசுக் குறியீடு, 746. முந்நூறைத் தாண்டினாலே ஆபத்து என்பதுதான் கணக்கு. மூவாருக்கும் லேடாங்குக்கும் அவசரநிலை அறிவித்தார்கள். அன்று காலை எதிர்வீட்டுக் கேட் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மாவை ஈரத்துணியால் மூக்கை மூடி உள்ளறையில் உட்கார வைத்திருந்தோம்.

மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவின் ரியாவ். அங்கே எரிவது மரம் மட்டும் இல்லை, மண்ணே எரிகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சதுப்பில் மக்கிச் சேர்ந்த மண் அது, பீட் என்பார்கள். கால்வாய் வெட்டி அதை உலர்த்திவிட்டால் தீ மண்ணுக்கு அடியில் போய்ப் புகைந்துகொண்டே கிடக்கும். மேலே தண்ணீர் ஊற்றினால் அணையாது, நல்ல மழை வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அந்தப் புகையை நம் பக்கம் கொண்டுவருகிறது. வெயில் ஏறினால் தரைக்காற்று சூடாகி மேலே கிளம்பும், புகையும் கூடவே கிளம்பும். பகலில் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை சாதாரணமாகக் கலந்துவிடும். கேமரனின் தானா ராத்தா நகரம் எவ்வளவு உயரம்? ஏறத்தாழ 1,450 மீட்டர். கார்த்திக் தம்பி, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கிளமெந்தி கார்த்திக்:
மணி அண்ணே, 2013 மூவார் கதையை இந்த வருடம் மட்டும் நீங்கள் சொல்வது இது ஐந்தாவது முறை. மூவார் கடலோரம். கேமரன் மலை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

நான் 2015 செப்டம்பர் 6-ஆம் தேதி கேமரனில் இருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் எடுத்த படத்தை நேற்றே போட்டேன். வானம் பளிச்சென்று நீலம். சிங்கப்பூரில் பள்ளிக்கூடங்களையே மூடினார்களே, அதே மாதம்தான். கீழே புகை, மேலே நீலவானம். மலைக்குப் புகை ஏறாது. நான் கண்ணால் பார்த்தவன்.

மூவார் மணி:
பள்ளிகளை மூடியது செப்டம்பர் 25. உங்கள் படம் 6-ஆம் தேதி. நடுவில் பத்தொன்பது நாள் இருக்கிறது. மாமியார் வீட்டில் திங்கட்கிழமை மழை பெய்யவில்லை என்பதற்காகச் சனிக்கிழமை துணி காயப்போடுவீர்களா?

ஈப்போ ராஜி:
நான் ஈப்போவில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை சிம்பாங் பூலாய் வழியாக மலைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவேன். 2015 அக்டோபரில் மலைமேல் பிரிஞ்சாங் ஊரில் நின்று பார்த்தால் எதிர்மலை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து துப்பட்டாவை முகர்ந்தால் விறகடுப்பு வாடை. என் கையால் துவைத்த துப்பட்டா. ஏறாது என்று சொல்கிறவர் எத்தனை முறை அங்கே போயிருக்கிறார்?

கிளமெந்தி கார்த்திக்:
அக்கா, கேமரனில் எதிர்மலை தெரியாதது ஒரு செய்தியா? அது மூடுபனி. வருடம் முழுக்க இருக்கும். மூடுபனியைப் பார்த்துவிட்டுப் புகை என்று பயந்தால் நாம் என்ன செய்வது?

ஈப்போ ராஜி:
இருபத்திரண்டு வருடமாக அந்த மலையில் ஏறி இறங்குகிறேன், தம்பி. மூடுபனி முகத்தை நனைக்கும். புகை கண்ணைக் கரிக்கும். மூடுபனி வெயில் வந்தால் விலகும். அது வெயிலிலேயே பழுப்பாக நின்றது, சூரியன் தக்காளிப் பழம்போலத் தெரிந்தது. இது தெரியாதவர் இந்தப் பக்கம் வந்து பாடம் எடுக்க வேண்டாம்.

உட்லண்ட்ஸ் அம்மா:
என் கேள்வியால் தனி விவாதமே ஆகிவிட்டது போலிருக்கிறது. எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள் ரத்து செய்தால் அறைப்பணம் திரும்பக் கிடைக்கும், தாண்டினால் 640 ரிங்கிட் போச்சு. மகன் போன மாதம்தான் இரண்டு நாள் நெபுலைசரில் இருந்தான். இப்போது பரவாயில்லை. எந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்வது என்று யாராவது சொன்னால் போதும்.

தேக்கா சுந்தர்:
எண்தானே? இதோ, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் காற்றுத்தரக் குறியீடான பிஎஸ்ஐ 68. மிதம். கிளம்புங்க. இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பட்டிமன்றம்?

மூவார் மணி:
சுந்தர், அது சிங்கப்பூரின் எண். அந்தத் தங்கச்சி போவது பஹாங் மாநிலத்துக்கு. மலைக்குப் பக்கத்திலுள்ள ஈப்போவின் ஏபிஐ-யைப் பார்க்காமல் சிங்கப்பூர் பிஎஸ்ஐ-யை எதற்குப் பார்க்க வேண்டும்? அது மட்டும் இல்லை, நீங்கள் பார்த்தது 24 மணி நேரச் சராசரி. நேற்று முழுக்கக் காற்று சுத்தமாக இருந்து இன்று காலை புகை வந்தால், சராசரி அசையவே நேரம் பிடிக்கும். ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவைத்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்க் கணக்கில் கன மீட்டருக்கு 55 மைக்ரோகிராம் வரை இயல்பு, 56 முதல் 150 வரை சற்று உயர்வு, 151 முதல் 250 வரை உயர்வு, அதற்கு மேலே போனால் பேச்சே இல்லை. பிஎம் 2.5 என்பது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும் தூசி. நேரே நுரையீரலின் அடிவரை போகும். ஆஸ்துமாப் பிள்ளைக்கு அதுதான் எமன்.

இன்னொன்று. 2018 வரை மலேசிய ஏபிஐ-யில் பிஎம் 2.5-ஐத் தனியாகச் சேர்க்கவே இல்லை, பெரிய தூசியையும் சேர்த்து அளக்கும் பிஎம் 10-ஐத்தான் பார்த்தார்கள். சிங்கப்பூரில் 2014 ஏப்ரலிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே 2015-இல் கேமரன் பக்கம் எண் குறைவாக இருந்தது என்று யாராவது கிளம்பி வந்தால், அந்த எண்ணில் நுண்தூசிக்குத் தனிக் கணக்கே இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

கிளமெந்தி கார்த்திக்:
நான் எண்ணைப் பற்றிப் பேசவே இல்லையே. படத்தைப் பற்றிப் பேசினேன். நீலவானம். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

தேக்கா சுந்தர்:
மணி அண்ணன் சொன்னால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். போன தைப்பூசத்துக்குப் பத்துமலை ரயில் இரவு முழுக்க ஓடும் என்று அடித்துச் சொன்னாரே, நம்பிப் போய் நானும் என் அப்பாவும் நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். 71 வயது மனுஷன்.

மூவார் மணி:
அந்த விஷயத்தை அன்றே விளக்கிவிட்டேன். நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள் என்றும் சேர்த்துத்தான் எழுதியிருந்தேன். நீங்கள் பாதியைப் படித்துவிட்டுக் கிளம்பினால் நான் பொறுப்பா? இங்கே பேச்சு புகையைப் பற்றி.

தேக்கா சுந்தர்:
சேர்த்து எழுதவில்லை. பிறகு திருத்திச் சேர்த்தீர்கள். எனக்கு நினைவிருக்கிறது.

சைதை பாலா:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். அடுத்த வாரம் நாங்கள் ஆறு பேர் சிங்கப்பூர் வருகிறோம், கேமரனும் திட்டத்தில் உண்டு. உண்மையைச் சொன்னால் இந்தப் பயமே எனக்குப் புரியவில்லை. போகியன்று காலை எங்கள் ஊரில் டயர் எரிகிற புகையைப் பார்த்திருக்கிறீர்களா? 2018-இல் விமானமே இறங்க முடியவில்லை. அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்புறம், "புகைமூட்டம்" என்று ஏன் எழுதுகிறீர்கள்? புகைமண்டலம் என்பதல்லவா வழக்கு?

ஈப்போ ராஜி:
இங்கே வானொலி, செய்தித்தாள் எல்லாவற்றிலும் புகைமூட்டம்தான். 1997-இலிருந்து எங்களுக்கு அந்தச் சொல்தான் தெரியும். அந்த வருடம் கூச்சிங்கில் எண் எண்ணூறைத் தாண்டியது, சரவாக்கில் அவசரநிலை போட்டார்கள். சொல்லைக் கற்றுக்கொடுக்க முன் அந்தக் காற்றைக் கொஞ்சம் சுவாசித்துப் பாருங்கள்.

சைதை பாலா:
சொல்லைப் பற்றிக் கேட்டால் ஏன் கோபம் வருகிறது? மொழி எல்லாருக்கும் பொது. மூட்டம் என்றால் மேகமூட்டம்.

மூவார் மணி:
போகிப் புகை ஒரு காலை. பத்து மணிக்கு வெயில் வந்தால் கலைந்துவிடும். 2015-இல் எங்களுக்கு வாரக்கணக்கில் நின்றது, ஐயா. பிள்ளைகள் விளையாடப் போகவில்லை, என் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் துணி காயப்போடவில்லை. ஒருநாள் பொறுத்துக்கொள்கிற நுரையீரலும் வாரக்கணக்கில் பொறுக்கிற நுரையீரலும் ஒன்றா? அதுவும் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஒருநாளே அதிகம்.

மொழிக்கு வேறு இடத்தில் வாருங்கள். புகைமூட்டம் என்றே எழுதுவேன்.

செம்பவாங் செல்வி:
நான் செவிலியர். 2013 ஜூன் 21-இல் சிங்கப்பூரில் பிஎஸ்ஐ 401 வந்த அன்று எனக்குப் பணி. மூச்சுத்திணறலோடு வந்தவர்களை மறக்க முடியாது. அந்த அம்மாவுக்கு ஒன்று சொல்கிறேன்: என்95 முகக்கவசம் பெரியவர் முகத்துக்குச் செய்தது, ஏழு வயதுப் பிள்ளைக்கு ஓரம் பொருந்தாது, இடைவெளி வழியாகப் புகை போகும். அதை நம்பி அழைத்துப் போகாதீர்கள். இன்ஹேலரை எடுத்துச் செல்வது சரி, அதற்கு முன் மகனின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மலை விஷயத்தில் இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் இருக்கிறது. விடியற்காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கும், அப்போது புகை கீழேயே நின்று மேலே தெளிவாக இருக்கலாம். பகலில் ஏறிவிடும்.

கிளமெந்தி கார்த்திக்:
நன்றி செல்வி அக்கா. செவிலியரே சொல்லிவிட்டார், புகை கீழேயே நிற்கும் என்று. இதைத்தான் நான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன்.

மூவார் மணி:
"பகலில் ஏறிவிடும்" என்ற வரியை விழுங்கிவிட்டீர்களே தம்பி. பாதி எழுத்தைப் படிப்பது இந்த இடத்தில் தொற்றுநோய் ஆகிவிட்டது. சுற்றுலா போகிறவன் விடியற்காலை ஐந்து மணிக்கா ஸ்ட்ராபெரி பறிக்கப் போகிறான்?

செல்வி, உங்களிடமும் எனக்கு வருத்தம். "இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம்" என்று எழுதினால் நாளைக்கு நாற்பது பேர் அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிப் போவார்கள்.

செம்பவாங் செல்வி:
உண்மையை உண்மையாகத்தான் எழுத முடியும், அண்ணே. உங்களுக்காகக் குறைத்து எழுத மாட்டேன்.

தேக்கா சுந்தர்:
எல்லாவற்றுக்கும் காரணம் அங்கே கொளுத்துகிறவன். அவனை விட்டுவிட்டு நமக்குள் அடித்துக்கொள்கிறோம். சிங்கப்பூர் 2014-இல் சட்டம் போட்டது, நாளுக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், மொத்தம் இருபது லட்சம் வரை. பாமாயிலுக்குச் செம்பனை வளர்க்கும் தோட்ட முதலாளிகளைப் பிடித்து உள்ளே போட வேண்டும்.

ஈப்போ ராஜி:
என் தாத்தா தோட்டத் தொழிலாளி. முதலாளி என்று மட்டும் சொல்லுங்கள், தோட்டக்காரர்களை இழுக்காதீர்கள்.

தேக்கா சுந்தர்:
முதலாளி என்றுதானே எழுதியிருக்கிறேன்? இங்கே யாருக்கும் முழுசாகப் படிக்கும் பழக்கம் இல்லை என்று மணி அண்ணன் சொன்னது இதில் மட்டும் உண்மை.

உட்லண்ட்ஸ் அம்மா:
இன்று வெள்ளிக்கிழமை. மாமியார் இட்லிப்பொடி, ஊறுகாய் எல்லாம் கட்டி வைத்துவிட்டார். மகன் ஸ்ட்ராபெரி ஸ்ட்ராபெரி என்று குதிக்கிறான். மருத்துவர் "புகை இருந்தால் போகாதீர்கள், இல்லாவிட்டால் போகலாம்" என்கிறார். அங்கே இப்போது இருக்கிறதா, இல்லையா? அதுதானே எனக்குத் தெரிய வேண்டும்? கணவர் கிழக்குக் கரைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்.

மூவார் மணி:
தங்கச்சி, ரத்து செய்துவிடுங்கள். 640 ரிங்கிட்டும் முழுசாகத் திரும்பி வரும். ஸ்ட்ராபெரி டிசம்பரிலும் இருக்கும். காற்று ஒரே இரவில் திரும்பும், கடற்பாலத்தைத் தாண்டி எட்டு மணி நேரம் கார் ஓட்டிப் போன பிறகு மாட்டிக்கொண்டால், பிள்ளையோடு தாப்பா வழியாக அந்த வளைவுகளில் இறங்கி மருத்துவமனை தேட வேண்டியிருக்கும். கிழக்குக் கரைக்குப் புகை குறைவாக வரும் என்பது உண்மை, வரவே வராது என்பது பொய்.

கிளமெந்தி கார்த்திக்:
அக்கா, இவர் சொல்வதைக் கேட்டால் ஜூன் முதல் அக்டோபர் வரை யாரும் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. போங்க. மலைக்குப் புகை ஏறாது. படம் இருக்கிறது.

மூவார் மணி:
அந்தப் படத்தை எடுத்த தேதியோடு மூலப்படத்தைப் போடுங்கள். மூன்று நாளாகக் கேட்கிறேன். செப்டம்பர் 6 என்பது உங்கள் வாய்தானே சொல்கிறது?

கிளமெந்தி கார்த்திக்:
பழைய கைப்பேசியில் இருந்தது, அது போய்விட்டது. என் மனைவியைக் கேளுங்கள், எங்கள் திருமண நாளுக்குப் போனோம். என்னைப் பொய்யன் என்கிறீர்களா?

மூவார் மணி:
பொய்யன் என்று நான் எழுதவில்லை. மூலப்படம் எங்கே என்றுதான் கேட்டேன்.

ஈப்போ ராஜி:
இப்போதுதான் சரக்கு இறக்கிவிட்டு வந்தேன். இன்று மாலை நான்கு மணிக்குச் சிம்பாங் பூலாய்ச் சந்தியில் நின்று பார்த்தேன், மலையின் மேல்பாதி தெரியவில்லை. மழை இல்லை.

கிளமெந்தி கார்த்திக்:
மூடுபனி.

மூவார் மணி:
மாலை நான்கு மணி வெயிலில் மூடுபனியா? ராஜி, படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் தேதி, நேரத்தோடு அப்படியே போடுங்கள். இவர்போல வெட்டி ஒட்டாமல்.

கிளமெந்தி கார்த்திக்:
வெட்டி ஒட்டினேனா? இந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகுதான் மேலே பேசுவேன்.