புதுப்பிப்பு: பிரேக் டிஸ்க் தடிமன் இருவருக்கு இருவிதமாக வந்த காரணம்

ரயில் பெட்டியின் ஒரே பிரேக் டிஸ்க்கை இருவர் அளந்தபோது தடிமன் ஏறத்தாழ 1 மி.மீ. வேறுபட்டது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன், காரணம் தெரிந்துவிட்டது. பிரேக் பேட் உரசாத ஓரங்கள் தேயாமல் வரம்புபோல் எஞ்சி நிற்க, உரசும் பரப்பு மட்டும் குழிந்து தேய்வதால், சாதாரண வெர்னியர் காலிப்பரின் தாடைகள் அந்த வரம்பின் மீதே அமர்ந்து, டிஸ்க்கை உள்ளதைவிடத் தடிமனாகக் காட்டியுள்ளன (தவறாக அளந்தவன் நான்தான்). இப்போது வரம்புகளின் மீது நேர்ச்சட்டம் வைத்து, இரு முகங்களிலும் சுற்றளவில் நான்கு இடங்களில் குழிவின் ஆழத்தை அளந்து, ஓரத் தடிமனிலிருந்து கழிக்கிறேன். டிஸ்க்கின் சூடுதான் காரணமோ என்ற ஐயமும் தீர்ந்தது: 100 மி.மீ. தடிமனுள்ள வார்ப்பிரும்பு 100 டிகிரி செல்சியஸ் சூடேறினாலும் சுமார் 0.1 மி.மீ. மட்டுமே விரியும். ஆயினும், ஆறிய பின்பே அளக்கிறேன்.