புதுப்பிப்பு: கஸ்டர் பூங்காவுக்குப் போய் வந்தாச்சு

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கும் கஸ்டர் மாநிலப் பூங்காவில் காட்டெருமைகளைப் பார்க்க எந்த நேரம் நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். விடியற்காலை என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

சூரியன் எழும்போதே 18 மைல் வனவிலங்குச் சுற்றுச்சாலைக்குள் நுழைந்துவிட்டோம். முதல் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு வளைவு தாண்டியதும் சாலை முழுக்க மந்தை! இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். மே மாதம் என்பதால் கன்றுகள் நிறைய. பெரியவை கரும்பழுப்பு, கன்றுகளோ செம்மண் நிறம். ஒரு தாய் எங்கள் கதவை உரசிக்கொண்டு போனது, அதன் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது. இன்னும் மறக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் கவலையாக இருந்தது. சிலர் படம் எடுக்க இறங்கி அருகே போனார்கள். மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடக்கூடிய விலங்கு அது; தயவுசெய்து 100 கெஜமாவது தள்ளியே நில்லுங்கள்.

கழுதைகளையும் பார்த்தோம். முன்பு பிளாக் எல்க் சிகரத்துக்குப் பயணிகளைச் சுமந்த கழுதைகளின் வழிவந்தவையாம். பிராங்ஹார்ன் மான்கள் தொலைவில்தான் தெரிந்தன, பைனாகுலர் அவசியம்.

செப்டம்பரில் மந்தையை ஒன்றுதிரட்டும் நிகழ்வுக்கு மறுபடி போகிறோம்.