கஸ்ட் = எறிகாற்று? கார்த்திகை வார வானிலைக் குறிப்புக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

டெல்டாவுக்கும் கடலோரத்துக்குமான வாரக் குறிப்பின் மொழிபெயர்ப்பில் எல்லாம் முடிந்து, கஸ்ட் (gust, வீசும் காற்று சில விநாடிகள் மட்டும் வேகம் கூடி அடிப்பது) என்ற ஒரு சொல்லுக்கான இடம் மட்டும் காலியாக நிற்கிறது. இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். என் பரிந்துரையைக் காரணத்தோடு வைக்கிறேன். அதற்கு முன் இரண்டு சின்ன விஷயங்கள்.

> 'இலையுதிர்காலப் பிற்பகுதியில் காற்றோட்டமான வாரம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். பொருந்துமா?

பொருந்தாது என்றே நினைக்கிறேன். நம் ஊரில் இந்த மாதத்தில் இலை உதிர்வதில்லை. மழையில் நனைந்து தழைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை இரண்டுக்கும் கூதிர் என்ற அழகான பெயர் நமக்கு உண்டு. ஆனால் படகை இறக்கலாமா வேண்டாமா என்று பார்க்கிறவருக்கு அது அகராதிச் சொல்லாகிவிட்டது. கார்த்திகை என்றே எழுதுவோம். காற்றோட்டம் ஜன்னல் உள்ள அறைக்கு இருப்பது. வாரத்துக்கு 'காற்று மிகுந்த வாரம்' போதும். அவுட்லுக் (outlook) என்பதற்கு 'வாரப் போக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு முழுச் சம்மதம். 'மழைப் போக்கு எப்படி இருக்கு?' என்றுதானே ஊரில் கேட்கிறோம். அன்றன்றைக்குச் சொல்வது முன்னறிவிப்பு, வாரத்துக்குச் சேர்த்துச் சொல்வது போக்கு என்று பிரித்துக்கொள்ளலாம்.

சரி, கஸ்ட்டுக்கு வருகிறேன்.

நாம் கேட்டுப் பழகிய வாசகம் இது: 'காற்று மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்.' அந்த 'இடையிடையே'தான் கஸ்ட். பெயர் இல்லாமல் ஒரு வினையடையாக ஒண்டிக்கொண்டிருக்கிறது. பெயர் இல்லாததால் காதிலும் நிற்பதில்லை.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் என் சித்தப்பா வாழை போட்டிருந்தார். தார் தள்ளிய மரம், கார்த்திகை மாதம், சவுக்குக் கழி முட்டுக் கொடுத்தது பாதி, கொடுக்காதது பாதி. வானொலியில் செய்தி கேட்டுவிட்டு, '35, 45 தானே, தாங்கும்' என்றார். அன்று மாலை நான் வரப்பில் நின்று பார்த்தேன். சீரான காற்றுக்கு வாழை முறியவில்லை. இலை கிழிந்தது, மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது. பிறகு ஒரு அடி அடித்தது. சாய்ந்த மரம் நிமிர்வதற்குள் இன்னொரு அடி. மட்டைகள் நெரியும் சத்தம் கேட்டது, மரம் நடுவில் மடிந்து தார் தரையைத் தொட்டது. எண்ணி ஐந்து விநாடி இருக்கும். சித்தப்பா அப்புறம் கேட்டது ஒன்றுதான்: 'ரெண்டு கணக்கு சொன்னானே, இதுல எது என் மரத்தைச் சாய்ச்சுது?'

அவர் கேள்விக்குப் பதில் 55. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 45 என்பது 55 ஆகும்போது கூடுவது 10 கிலோமீட்டர்தான், ஆனால் விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. 35-இல் இருந்து 55 என்றால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. முட்டுக்கழி எத்தனை வேண்டும், படகைக் கரையில் எவ்வளவு மேலே இழுத்துக் கட்டவேண்டும், கூரைத் தகரத்தின் மேல் கல் வைக்கவேண்டுமா என்பதையெல்லாம் முடிவு செய்கிற எண் அது. அதற்குப் பெயர் இல்லாமல் இருக்கக் கூடாது.

வரையறையையும் சொல்லிவிடுகிறேன், சொல் அதற்குப் பொருந்த வேண்டுமே. காற்றை 10 மீட்டர் உயரத்தில் அளக்கிறார்கள். நீடித்த காற்றின் வேகம் என்பது சராசரி. இந்திய வானிலை ஆய்வுத் துறை 3 நிமிடச் சராசரியைக் கொள்கிறது, உலக வானிலை அமைப்பின் வழக்கு 10 நிமிடம். கஸ்ட் என்பது 3 விநாடிச் சராசரி எட்டுகிற உச்சம். தரையருகே காற்று மரத்திலும் வீட்டிலும் உராய்ந்து வேகம் இழக்கும். மேலே வேகம் குறையாமல் போய்க்கொண்டிருக்கும் காற்று சுழல்களாகக் கீழே இறங்கும்போது அந்தச் சில விநாடி அடி விழுகிறது. மழைமேகத்தில் இருந்து குளிர்ந்து இறங்கும் காற்றும் இதைச் செய்யும். 'மழைக்கு முந்தி ஒரு காத்து அடிக்கும்' என்கிறோமே, அதுதான்.

> வன்காற்று, திடீர்க்காற்று, இடைவீச்சு. மூன்றில் எதை எடுக்கலாம்?

வன்காற்று வேண்டாம். கஸ்ட் வலுவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. 12 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் 25-ஐத் தொடும் உச்சமும் கஸ்ட்தான். திடீர்க்காற்றும் சரிவராது, அது ஒருமுறை எதிர்பாராமல் வந்து போவதைச் சொல்கிறது, கஸ்ட் திரும்பத் திரும்ப வருவது.

இடைவீச்சு என்ற சொல்லை நான் நீண்ட நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். கேட்டுப் பழகிய 'இடையிடையே' அதற்குள் இருக்கிறது, 'வீசக்கூடும்' என்பதும் இருக்கிறது. கட்டியவர் காது உள்ளவர். என் தயக்கம் வீச்சு என்ற பாதியில்தான். பள்ளிப் பாடநூலில் இயற்பியலில் அலையின் வீச்சு, புள்ளியியலில் தரவின் வீச்சு என்று இரண்டு வேலை ஏற்கெனவே அதற்கு உண்டு. காற்று வேகத்தின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி எழுதும்போது அந்த இரண்டும் கூடவே வரும். ஒரே பத்தியில் மூன்று வீச்சு வந்தால் மாணவர் தடுமாறுவார்.

என் பரிந்துரை: எறிகாற்று. அதன் வேகத்துக்கு எறிவேகம்.

இது நான் உட்கார்ந்து செய்த சொல் அல்ல. நெடுநல்வாடையில் பாசறை இரவு வருகிறது, அதே கூதிர்க் காலம். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றில் விளக்குச் சுடர் ஆடுவதை நக்கீரர் 'தண்வளி எறிதொறும் நுடங்கி' என்கிறார். எறிதொறும் என்ற சொல்லைக் கவனியுங்கள். காற்று தொடர்ந்து வீசுகிறது, ஆனால் சுடர் நுடங்குவது ஒவ்வொரு எறிக்கும். கார்த்திகை தீபத்தன்று திண்ணையில் அகல் வைத்த யாருக்கும் இது தெரியும். சீரான வாடைக்குச் சுடர் தெற்கே சாய்ந்து நின்று எரியும். ஒரு எறி வந்தால் அணையும். அம்மா அந்த அகலைத்தான் எடுத்து மாடத்துக்குள் வைப்பார்.

எறி இன்றைய பேச்சிலும் உயிரோடு இருக்கிறது. 'காத்து தகரத்தைத் தூக்கி எறிஞ்சிடுச்சு' என்கிறோம். இன்னொரு சான்றும் உண்டு. வீசு என்ற வினை கல்லை வீசுவதற்கும் காற்று வீசுவதற்கும் பொதுவாக இருக்கிறது. கல் எறிவதிலிருந்து காற்று எறிவதற்கு எறி என்ற வினை நடந்து வந்த தடமும் அதுவே.

வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது எறிபொருள், எறிகணை (பீரங்கிக் குண்டு) என்ற சொற்கள் பற்றியது. எறிவேகம் என்றால் எறிந்த பந்தின் வேகம் என்று நினைப்பார்களோ? பாடநூலில் தனியாகக் கண்டால் நினைக்கலாம்தான். அதனால் அங்கே 'எறிகாற்று வேகம்' என்று முழுதாக எழுதலாம். காற்றைப் பற்றியே பேசும் அறிக்கையில் எறிவேகம் போதும். ஈழத்து நண்பர்களிடம் மட்டும் தனியாகக் கேட்கிறேன்: எறிகணை என்ற சொல் உங்களுக்குச் சுமந்து வரும் நினைவு வேறு. எறிகாற்று அந்த நினைவைக் கிளறுமானால் தயங்காமல் எழுதுங்கள், சொல்லை மாற்றிவிடலாம்.

ஸ்குவால் (squall) பற்றியும் ஒரு வார்த்தை. அதைச் சூறாவளிக்காற்று என்று எழுதும் வழக்கம் தமிழ்நாட்டு அறிக்கைகளில் உண்டு. இலங்கைத் தமிழில் சூறாவளி என்றால் புயல். 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்ததை இன்றும் சூறாவளி என்றே சொல்கிறார்கள். ஸ்குவால் அதைவிட மிகச் சிறியது: காற்று குறைந்தது 16 நாட் (knot, கடலில் வேகம் அளக்கும் அலகு) திடீரெனக் கூடி, 22 நாட்டையாவது எட்டி, ஒரு நிமிடமாவது நீடிக்க வேண்டும். 22 நாட் என்பது மணிக்குச் சுமார் 41 கிலோமீட்டர். இதற்குச் சூறைக்காற்று போதும், செய்தித்தாளில் ஏற்கெனவே பழகிய சொல். விநாடிக்கணக்கில் நிற்பது எறிகாற்று, நிமிடக்கணக்கில் நிற்பது சூறைக்காற்று.

சொல் வாக்கியத்தில் உட்கார்கிறதா என்று பார்க்க ஒரு மாதிரிக் குறிப்பு எழுதிப் பார்த்தேன்:

'கார்த்திகை வாரப் போக்கு: கடலோர மாவட்டங்களில் வடகிழக்குத் திசையிலிருந்து காற்று மணிக்கு 35 முதல் 45 கி.மீ., எறிவேகம் 55 கி.மீ. உள் மாவட்டங்களில் 15 முதல் 25 கி.மீ., மழை மேகத்தை ஒட்டி எறிகாற்று 40 கி.மீ. வரை. தார் தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கவும். மன்னார் வளைகுடாவில் சூறைக்காற்று வீச வாய்ப்புள்ளதால் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.'

இதைச் சித்தப்பாவுக்கு அலைபேசியில் படித்துக் காட்டினேன். எறிவேகம் என்ற இடத்தில் நிறுத்தி, 'அப்போ 55-க்குக் கழி நடணும்' என்றார். நான் விளக்கம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அன்புடன்