ஸ்டியரிங்கை ஒடிச்சா முன்சக்கரத்தில் "டக் டக்" சத்தம்: ஆக்ஸில் மாத்தணுமா?

ஹேட்ச்பேக்2016
முன்சக்கர டிரைவ் பெட்ரோல் வண்டி, 82,000 கி.மீ. ஓடியிருக்கு. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா முன்பக்கம் "டக் டக் டக்"னு சத்தம். வேகம் கூடக் கூட சத்தம் நெருக்கமாகுது. நேர் ரோட்டில் ஒண்ணும் இல்லை. இடது பக்கம் திருப்பும்போது அதிகமாத் தெரியுது. மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்க்காமலே ரெண்டு ஆக்ஸிலும் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றுற ஷாஃப்ட்) மாத்தணும்னு சொல்றார். அதுக்கு முன்னாடி நான் எதையெல்லாம் பார்க்கலாம்?

கிரீஸ்கை
நீங்க சொல்ற அடையாளம் வெளி சிவி ஜாயின்ட்டைத்தான் காட்டுது, அதாவது ஆக்ஸிலில் சக்கரத்தை ஒட்டி இருக்கிற, சக்கரம் ஒடிஞ்சாலும் சுழற்சியைக் கடத்துற ஜாயின்ட். உள்ளே 6 எஃகுக் குண்டுகள் வளைவான தடங்களில் ஓடும். சக்கரம் நேரா இருந்தா குண்டுகள் தடத்தின் நடுவிலேயே நிற்கும். ஒடிச்சதும் ஒவ்வொரு சுற்றிலும் தடத்தின் நீளத்துக்கு முன்னும் பின்னும் போகும். தடத்தில் தேய்ஞ்ச பள்ளம் இருந்தா இழுவையோட குண்டு அதில் இறங்கி ஏறும்போது "டக்"குனு கேட்கும். நேர் ரோட்டில் சத்தம் வராததுக்கும் அதுதான் காரணம்.

காலி மைதானத்தில் முதல் கியரில், முழு லாக்குக்கு ஒரு விரல்கடை முன்னாடி நிறுத்தி, வட்டம் அடிங்க. சத்தம் வரும்போது கிளட்சை மிதிங்க. உருண்டுக்கிட்டு இருக்கும்போதே சத்தம் குறைஞ்சாலோ நின்னாலோ ஜாயின்ட் மேலதான் சந்தேகம். மாறாம அப்படியே வந்தா டயரில் சிக்கின கல், வீல் கேப், தளர்ந்த வீல் நட்டு இதையெல்லாம் முதல்ல பாருங்க.

அடுத்து ஜாயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட். ஸ்டியரிங்கை ஒடிச்சு வெச்சு, டார்ச் அடிச்சு மடிப்புகளோட பள்ளத்தில் பாருங்க. விரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிஞ்சிருக்கும். ரிம்மின் உள்பக்கம், ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), பிரேக் காலிப்பர் மேல கறுப்பா கிரீஸ் தெறிச்சிருந்தா பூட் கிழிஞ்சாச்சுன்னு அர்த்தம்.

நாலாம்கியர்
மத்த சத்தங்களோட குழப்பிக்காதீங்க. வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங் திருப்பினா "டங்"குனு ஸ்பிரிங் துள்ளுற மாதிரி கேட்டா ஸ்ட்ரட் மேல இருக்கிற மவுண்ட் பேரிங். மேடுபள்ளத்தில் "கட கட"ன்னா சஸ்பென்ஷனில் இருக்கிற ஸ்டெபிலைசர் லிங்க் இல்லைன்னா பால் ஜாயின்ட். வேகத்தோட ஏறுற "ஊ"ங்கிற இரைச்சல் வீல் பேரிங். நேரா போகும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா மட்டும் வண்டி அதிர்ந்தா கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற உள் ஜாயின்ட்.

இடது திருப்பத்தில் சத்தம்னா வலது ஜாயின்ட் போயிருக்கும், அதை மட்டும் மாத்தினா போதும்.

கிரீஸ்கை
அந்தக் கடைசி வரியை நம்பி பார்ட் வாங்க வேண்டாம். திருப்பத்தில் எடை வெளிச் சக்கரத்து மேல ஏறும், சரிதான். ஆனா திரும்புற பக்கத்துச் சக்கரம்தான் அதிகக் கோணத்துக்கு ஒடியும், அதனால அந்தச் சக்கரத்து வெளி ஜாயின்ட்டும் கத்தலாம். ரெண்டு பக்க ஜன்னலையும் இறக்கி, ஒரு சுவர் ஓரமா ரெண்டு திசையிலும் மெதுவா வட்டம் அடிச்சுக் கேளுங்க. ரிவர்ஸிலும் ஒருதரம் செய்ங்க, அப்போ இழுவை தடத்தின் எதிர்ப் பக்கத்தில் விழும். எந்தப் பக்கம்னு முடிவா சொல்றது ரப்பர் பூட்டும், கழட்டின பிறகு தடமும்தான்.

ஹேட்ச்பேக்2016
பார்த்துட்டேன். இடது வெளி பூட் கிழிஞ்சிருக்கு, ரிம் முழுக்க கிரீஸ். வலது பூட் நல்லா இருக்கு. கிளட்ச் மிதிச்சா சத்தம் குறையுது. புது பூட் போட்டு கிரீஸ் நிரப்பினா போதுமா?

ஸ்பேனர்பெட்டி
சத்தம் வர்றதுக்கு முன்னாடி கிழிசலைக் கண்டுபிடிச்சிருந்தா போதும். இப்ப போதாது. மண்ணும் தண்ணியும் உள்ளே போய் தடத்தை அரிச்சாச்சு, கிரீஸ் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. கொஞ்ச நாள் சத்தம் அமுங்கும், அவ்வளவுதான். இடது வெளி ஜாயின்ட் மட்டும் தனியாக் கிடைச்சா அதை மாத்துங்க. உள் ஜாயின்ட்டிலும் ஆட்டம் இருந்தா இடது ஆக்ஸில் முழுசா. வலதைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. வாங்கும்போது பழசோட வெச்சு ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டைப் பிடிக்கிற பல்வரி) பல் எண்ணிக்கையையும், ஜாயின்ட்டிலேயே ஏபிஎஸ் ரிங் (சக்கர வேகத்தை சென்சார் படிக்கிற பல் வளையம்) இருந்தா அதோட பல்லையும் எண்ணிப் பாருங்க.

வேலை இப்படி: சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருத்தர் பிரேக் மிதிக்க, ஹப் நட்டை (ஷாஃப்ட் நுனியை ஹப்போட பிடிக்கிற, சக்கரத்து நடுவில் இருக்கிற நட்டு) தளர்த்தணும். நட்டின் விளிம்பைத் தட்டி மடக்கியிருந்தா முதல்ல அதை நிமிர்த்துங்க. அப்புறம் ஜாக்கி வெச்சு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழட்டி, கீழ் பால் ஜாயின்ட்டைப் பிரிச்சு, நக்கிளை (ஹப்பைத் தாங்குற பாகம்) வெளியே இழுங்க. ஷாஃப்ட் ஹப்பில் பிடிச்சிருந்தா மரக்கட்டை வெச்சுத் தட்டுங்க, நேரா சுத்தியலால் அடிச்சா மரை நசுங்கிடும். பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. ஷாஃப்ட்டை வெளிப்பக்கமா இழுத்தா உள் ஜாயின்ட் கழண்டுடும், கவனம்.

பல வண்டிகளில் ஜாயின்ட்டை சர்க்ளிப்ங்கிற ஒரு சின்ன வளையக் கிளிப்தான் பிடிச்சிருக்கும். உள் ரேஸில் (குண்டுகளுக்கு உள்ளே இருக்கிற வளையம்) பித்தளைக் கம்பி வெச்சு அடிச்சா வந்துடும். புது சர்க்ளிப், புது பூட், புது கிளாம்ப் போடுங்க. கிட்டில் வர்ற மாலிப்டினம் கிரீஸ் பாக்கெட் முழுசையும் போடணும், பாதியை ஜாயின்ட்டுக்குள்ளயும் மீதியை பூட்டுக்குள்ளயும். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம். சின்ன கிளாம்பை இறுக்கறதுக்கு முன்னாடி மெல்லிய ஸ்க்ரூடிரைவரை நுழைச்சு உள்ளே அடைஞ்ச காத்தை வெளியேத்துங்க, இல்லேன்னா பூட் உப்பி எங்கயாவது உரசும்.

ஹப் நட்டைப் புதுசா போட்டு, உங்க வண்டி மேனுவல் சொல்ற டார்க்குக்கு (இறுக்க அளவு) டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்க. அது இறுகறதுக்கு முன்னாடி வண்டி எடையை அந்தச் சக்கரத்தில் இறக்காதீங்க, ஹப் பேரிங் கெட்டுடும். ஆக்ஸிலையே கியர்பாக்ஸிலிருந்து உருவினா ஆயில் கொட்டும். தட்டு வெச்சுப் பிடிச்சு, ஆயில் சீலையும் மாத்தி, லெவல் வரைக்கும் ஊத்துங்க. ஸ்ட்ரட் போல்ட்டைக் கழட்டியிருந்தா மட்டும் வீல் அலைன்மென்ட் பாருங்க.