திருச்சியில் கேக் அலங்கார கிளப் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் நாமே ஆரம்பிக்கலாமா?

உறையூர்_நிலா

வணக்கம். வீட்டில் கேக் செய்வேன், விற்பதில்லை. பிள்ளைகளின் பிறந்தநாள், அக்கம்பக்கத்து வீட்டு விசேஷம், அவ்வளவுதான். ஸ்பாஞ்ச் நன்றாகவே வருகிறது. மேலே செய்கிற அலங்காரம்தான் யூடியூபை வைத்துக்கொண்டு ஒரு கட்டத்துக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. உதாரணத்துக்கு, ரோஜா பைப் பண்ணினால், அதாவது க்ரீமைப் பையில் நிரப்பிப் பிழிந்தால், இதழின் ஓரம் பிய்ந்து பிய்ந்து வருகிறது. ஏன் என்று வீடியோவில் இருப்பவர் சொல்ல மாட்டார், அவருக்குத்தான் பிய்வதே இல்லையே. பக்கத்தில் தெரிந்தவர் ஒருத்தர் நின்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

வகுப்புக்கும் போய்ப் பார்த்தேன். ஆசிரியை மேடையில் செய்தார், நாங்கள் செல்போனில் படம் பிடித்தோம், சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் ஆர்டர் விளம்பரமும் குட்மார்னிங்கும் தவிர வேறு எதுவும் இல்லை. எனக்கு வேண்டியது மாதம் ஒரு தடவை நாலு பேர் உட்கார்ந்து கையால் செய்து பழகுகிற இடம். அப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஆரம்பிப்பதென்றால் எங்கே கூடுவது, செலவை எப்படிப் பிரிப்பது, இந்த வெயிலில் க்ரீமை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மதுரை_பட்டர்பேப்பர்

நிலா, திருச்சியில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நாங்கள் மதுரையில் சின்னதாக ஒன்று நடத்துகிறோம், அதை வைத்துச் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு நிஜ கேக் வேண்டாம். இதுதான் முக்கியம். எல்லாரும் கேக் சுட்டு எடுத்து வந்தால் பாதி நேரம் சாப்பிடுவதிலும் பாராட்டுவதிலும் போய்விடும், கற்பது எதுவும் நடக்காது. தெர்மாகோல் டம்மி வாங்கிக்கொள்ளுங்கள், ஆறு இஞ்ச், எட்டு இஞ்ச் போதும். அதன் மேல் க்ளிங் ஃபிலிம் சுற்றினால் வழித்துவிட்டு மறுபடியும் மறுபடியும் பூசலாம். பூ, பார்டர் பழக டம்மிகூடத் தேவையில்லை, எவர்சில்வர் தட்டின் பின்பக்கமே போதும்.

க்ரீமும் அப்படித்தான். விப்பிங் க்ரீமை அடித்துக் கொட்டுவது வீண் செலவு. வனஸ்பதியும் ஐசிங் சுகரும் சேர்த்து அடித்து வையுங்கள், பால் சேராததால் சீக்கிரம் கெடாது. பைப் பண்ணி, வழித்து, திரும்ப பையில் போட்டு, அடுத்தவர் பைப் பண்ணலாம். சாப்பிடுவதற்கு அல்ல, டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள், பிள்ளைகள் விரல் வைத்துவிடும். கத்திரி வெயிலில் அதுவும் தொளதொளவென்று ஆகிவிடும், ஐசிங் சுகரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கூட்டம், ஒரே ஒரு வேலை. இந்த மாதம் பக்கவாட்டில் சமமாகப் பூசி ஓரத்தைக் கூராக்குவது என்றால் அது மட்டும்தான். ஆர்வத்தில் ரஷ்யன் நாசிலையும் (நாசில் என்றால் பையின் முனையில் மாட்டுகிற குழல், இது ஒரே அழுத்தில் முழுப் பூ பிழிவது) ஃபாண்டன்ட் (மாவு மாதிரி பிசைகிற சர்க்கரை) பொம்மையையும் அதே நாளில் இழுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் கைவராது.

இடம், வசதியான வீட்டில் கூடினால் அந்த வீட்டுக்காரம்மாதான் எல்லாருக்கும் காபி போட்டுக்கொண்டே இருப்பார், பாவம், அவர் பையைத் தொடவே முடியாது. அதனால் சுற்று முறையில் வீடு மாற்றுங்கள், பாத்திரம் கழுவுவது வந்தவர்கள் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டர்ன்டேபிளை (கேக்கை வைத்துச் சுற்றுகிற தட்டு) மட்டும் பொதுப் பணத்தில் வாங்கலாம். பையும் நாசிலும் அவரவருடையதே இருக்கட்டும்.

அப்புறம் உங்கள் ரோஜா. ஓரம் பிய்ந்தால் க்ரீம் அதிகமாக அடிபட்டிருக்கிறது, சொரசொரவென்று இருக்கும் பாருங்கள். கொஞ்சம் அடிக்காத க்ரீமை விட்டுக் கரண்டியால் கலக்குங்கள், பீட்டர் வேண்டாம். 104 நம்பர் நாசிலில் அகலமான பக்கம் கீழே இருக்க வேண்டும், நிறைய பேர் தலைகீழாகப் பிடிப்பார்கள்.

கேகே_நகர்_பேக்கர்

நான் வீட்டில் இருந்து ஆர்டர் எடுப்பவள், அதனால் வேறு பக்கம் சொல்கிறேன். என்னை மாதிரி ஆட்கள் கிளப்புக்கு வரத் தயங்குவோம். ஒரே ஏரியாவில் நாலு பேர் விற்கிறோம், என் டிசைனை இன்றைக்குக் கற்றுக்கொண்டு நாளைக்கே குறைந்த விலைக்குப் போஸ்ட் போட்டால்? எனக்கு இது நடந்திருக்கிறது, நானே சொல்லிக் கொடுத்த பெண். அதனால் விற்பவர்கள் வரலாமா, வந்தால் கூட்டத்தில் எடுத்த படத்தை விளம்பரத்துக்குப் போடலாமா என்று முதல் நாளே பேசிவிடுங்கள். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. இன்னொன்று, கிளப் பெயரில் ஸ்டால் போட்டு விற்கலாம் என்று யாராவது கிளம்பினால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். பழகிப் பார்க்கிற கூட்டத்துக்கு அது எதுவும் தேவையில்லை.

யாழ்_ஐசிங்

டம்மி என்று சொன்னதும் சிரிப்பு வந்தது. இலங்கையில் கலியாண கேக் ஸ்ட்ரக்சர் பெரும்பாலும் ரெஜிபோம்தான், நீங்கள் தெர்மாகோல் என்பது. மேலே ஐசிங் போட்டுப் பூ வைத்து மேடையில் நிற்கும், வெட்டுவதற்கு மட்டும் ஒரு துண்டு நிஜ கேக் இருக்கும். விருந்தினருக்கு ரிச் கேக் துண்டு தனியாகப் பெட்டியில் வரும். ஆகவே டம்மியில் பழகுவதை இளக்காரமாக நினைக்காதீர்கள், அதுவே ஒரு தொழில்.

வெயிலுக்கு என் யோசனை, சூடு கூடின மாதங்களில் க்ரீமை விட்டுவிட்டுப் பூ செய்யுங்கள். ஃபாண்டன்டில் சிஎம்சி பவுடர் (இறுக்கம் தருகிற ஒரு பசைப் பொடி) கொஞ்சம் சேர்த்துப் பிசைந்தால் இதழ் மெல்லிசாக விரியும், காய்ந்தால் விறைப்பாக நிற்கும். கடற்கரைப் பக்கம் எங்களுக்கு ஈரக்காற்றில் காயவே காயாது, திருச்சி வறண்ட வெயில் இதற்கு நல்ல வசதி. மழைக்காலத்தில் க்ரீமுக்குத் திரும்புங்கள்.

லெஸ்டர்_வாணி

இங்கே இங்கிலாந்தில் பிரிட்டிஷ் சுகர்கிராஃப்ட் கில்ட் என்று சர்க்கரை அலங்காரம் செய்பவர்களின் சங்கம் ஒன்று 1981-இல் தொடங்கியது, ஊர் ஊராகக் கிளைகள். என் பக்கத்துக் கிளைக்குப் போனபோது எனக்குப் பிடித்தது, பெரிய நிபுணர் யாரும் வேண்டும் என்று அவர்கள் காத்திருப்பதில்லை. ஒரு உறுப்பினருக்கு லேஸ் வேலை தெரிந்தால் அவர் காட்டுவார், அடுத்த தடவை வேறொருவர். பாட்டி வயதில் இருப்பவர்கள் ராயல் ஐசிங்கில் (முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும் அடித்தது, காய்ந்தால் கெட்டியாகும்) நூல் மாதிரி கோடு இழுப்பார்கள், பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் செயலாளர், பொருளாளர், மினிட்ஸ் என்று அவர்களுக்கு உள்ள சடங்கு நமக்கு ஆரம்பத்திலேயே வேண்டாம்.

உறையூர்_நிலா

எல்லாருக்கும் நன்றி. பட்டர்பேப்பர் அக்கா, நாசிலை நான் சரியாகத்தான் பிடிக்கிறேன், க்ரீம்தான் பிரச்சினை போல, இன்று பார்க்கிறேன். ஸ்ரீரங்கத்தில் இருந்து இரண்டு பேர் வரத் தயார், ஆனால் அவர்கள் முட்டை தொட மாட்டார்கள். ராயல் ஐசிங் வைத்தால் என்ன செய்வது? அப்புறம் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

மதுரை_பட்டர்பேப்பர்

வழக்கமான ராயல் ஐசிங்கில் முட்டை வெள்ளைக்கரு இருக்கும், அதற்குப் பதிலாகப் போடுகிற மெரிங் பவுடரிலும் பொதுவாக அதுதான் காய்ந்த பொடியாக இருக்கிறது. அந்த மாதம் அவர்களுக்கு ஃபாண்டன்ட் கொடுங்கள். அதிலும் சிலவற்றில் ஜெலட்டின் இருக்கும், பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஐசிங் அடிக்கிற பாத்திரமும் தனியாக இருக்கட்டும், அவர்கள் மனசுக்காக மட்டும் இல்லை, துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் வெள்ளைக்கரு பொங்காது.

பதிவு இப்போது எதற்கு? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம், ஆனால் வங்கிக் கணக்கு, பெரிய தொகை என்று வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்களோடு மூன்று பேர் ஆகிவிட்டீர்கள், அது போதும். முதல் கூட்டத்துக்கு ஷெல் பார்டர் (சிப்பி வரிசை மாதிரி ஓரம்) வையுங்கள், ரோஜா வேண்டாம். எல்லாருக்கும் அன்றைக்கே வந்துவிடும், அடுத்த மாதமும் வருவார்கள். கேகே நகர்க்காரரையும் கூப்பிடுங்கள், அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு.